நாள் கணக்கா, நீளக் கணக்கா?

மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கேரளத்திலும் இழுவைப் படகுகளுக்கு மழைக்காலத் தடை உண்டு. ஆனால் அங்கே அதோடு விடவில்லை. மத்தி 10 சென்டிமீட்டருக்கும், அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 2015ல் 14 இனங்களோடு தொடங்கிய இந்த நீளச் சட்டம் பிறகு 58 இனங்களுக்கு நீண்டது.

தடைக்காலத்தை நடைமுறைப்படுத்துவது சுலபம். காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்தால் கரையில் நிற்கும் யாருக்கும் தெரிந்துவிடும். ஆனால் நம் வெப்பக் கடலில் எல்லா மீனும் ஒரே பருவத்தில் முட்டையிடுவதில்லை. தடை முடிந்ததும் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு மாதம் தப்பிய குஞ்சும் அதே மடியில், அதாவது படகு இழுத்துப்போகும் பை வலையில், ஏறும். பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளிக்கோ அந்த 61 நாளும் நிவாரணத்தொகைதான்.

நீளச் சட்டம் சரியான இடத்தைத் தொடுகிறது: ஒரு தடவையாவது முட்டையிடட்டும், அப்புறம் பிடி. சிக்கல் எங்கே அளக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஏலம் விடும் இடத்தில் அளவுகோலை வைக்கும்போது மீன் செத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். அதனால் வலையில்தான் கை வைக்க வேண்டும் என்பேன். இழுவை மடியின் கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலையின் துளை, சாய்சதுரமாக இருந்தால், இழுக்க இழுக்க அது இறுகி மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி திறந்தே நிற்கும், குஞ்சு உயிரோடு நழுவிப் போகும். கூடவே, குஞ்சுமீனை வாங்கும் மீன்தூள் ஆலையையும் சட்டம் கேள்வி கேட்க வேண்டும். வாங்க ஆள் இருக்கும்வரை பிடிப்பது நிற்காது.

நியூசிலாந்து 1986 முதல் இன்ன மீன் இத்தனை டன் என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறது. ஒரே இழுப்பில் பல இனம் ஏறி, ஊர் ஊராகக் கரை இறங்கும் நம் பக்கத்தில் அந்தக் கணக்கை யார் எழுதுவது? இப்போதைக்கு அது சரிவராது.

இங்கே 12 கடல் மைல் வரை மாநிலச் சட்டம், அதற்கு அப்பால் மத்திய அரசு. ஒரு மாநிலத்தில் விற்க முடியாத குஞ்சை, நீளச் சட்டம் இல்லாத அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடலாம். தடைக்காலம் இருக்கட்டும், நீள அளவும் கண்ணி அளவும் கடற்கரை முழுக்க ஒன்றாக வேண்டும். புது மடிக்கான செலவில் அரசும் பங்கெடுக்க வேண்டும். முழுச் செலவையும் படகுக்காரர் தலையில் கட்டினால், பழைய மடிதான் மறுபடி கடலில் இறங்கும்.