ஒரே மீன், இரண்டு கடை: லண்டனின் நோபுவும் ஸூமாவும்

நோபுவும் ஸூமாவும் லண்டனின் ஜப்பானிய உணவகங்கள். மிசோ என்ற புளித்த சோயா விழுதில் ஊறிய பிளாக் காட் மீன் இரண்டு கடையிலும் பேர்பெற்றது. அதிலிருந்தே தொடங்கலாம். நோபுவில் அதை வெள்ளை மிசோ, சாக்கே என்ற அரிசி மது, மிரின் என்ற இனிப்புச் சமையல் மது, சர்க்கரைக் கலவையில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்துச் சுடுகிறார்கள். மேலே லேசாகக் கருகிய இனிப்பு. உள்ளே இதழிதழாகப் பிரியும் சதை. கொழுப்பு மிகுந்த மீன் என்பதால் வறண்டுபோவதில்லை. ஸூமா அதே மீனை ஹோபா என்ற மக்னோலியா இலையில் பொதிந்து தருகிறது. வாழையிலையில் மீன் சுட்டுத் தின்றவர்களுக்கு அந்த வாசனை உடனே பிடித்துவிடும். ஆனாலும் என் ஓட்டு நோபுவுக்குத்தான். அந்த மீனுக்கு இலையின் துணை தேவையில்லை.

நோபுவைத் தொடங்கிய நோபு மட்சுஹிசா டோக்கியோவில் சுஷி (காடி கலந்த சோறும் மீனும்) கற்றவர். பெருவின் லிமாவில் கடை வைத்தபோது ஜப்பானியச் சரக்கு சரியாகக் கிடைக்காமல், உள்ளூர் மிளகாய், எலுமிச்சை, கொத்தமல்லிக்குப் பழகினார். பிறகு அலாஸ்காவில் திறந்த கடை இரண்டு மாதம்கூட ஆகாமல் எரிந்துபோனது. 1987இல் பெவர்லி ஹில்ஸ், 1994இல் நடிகர் ராபர்ட் டி நீரோவோடு நியூயார்க், 1997இல் லண்டன். பச்சை மீன் வேண்டாமென்ற ஒரு வாடிக்கையாளருக்காக, சஷிமி என்ற பச்சை மீன் துண்டுகள் மேல் காய்ந்த எண்ணெயைச் சுர்ரென்று ஊற்றிக் கொடுத்தார். நம் தாளிப்பேதான், கடுகு மட்டும் இல்லை! 'நியூ ஸ்டைல் சஷிமி' என்று அது இன்றும் மெனுவில் இருக்கிறது.

ஸூமாவைத் தொடங்கிய ரெய்னர் பெக்கர் ஜெர்மானியர். டோக்கியோவில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இந்தியத் தொழிலதிபர் அர்ஜுன் வானியோடு சேர்ந்து 2002இல் லண்டனின் நைட்ஸ்பிரிட்ஜில் திறந்தார். மாதிரி, இஸக்காயா: குடித்துக்கொண்டே பங்குபோட்டுச் சாப்பிடும் ஜப்பானியக் கடை. சமையலறை, சுஷி மேடை, ரோபாட்டா என்ற கரியடுப்பு மூன்றிலிருந்தும், எது தயாரோ அது முதலில் வரும். வரிசையாகச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். நாலு பேராகப் போனால் அதுவே கொண்டாட்டம்.

சுஷி ரோலில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. பழைய ஓட்டை உரித்துவிட்டு, புது ஓடு இன்னும் மெதுவாக இருக்கும் நண்டை ஓட்டோடு பொரித்துச் சுருட்டித் தருவது இரண்டிலும் உண்டு. ஸூமாவில் மிளகாய் மயோனைஸ் தூக்கல்.

குடிக்க என்றால் ஸூமாதான். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு ஊறிய சாக்கேயில் வோட்காவும் பேஷன் பழமும் சேர்த்துக் குலுக்கும் 'ருபாபு' புளிப்பும் வாசனையுமாக இறங்கும். நோபு காக்டெய்லும் தரும், ஆனால் அங்கே நான் ஜப்பானின் சாடோ தீவில் வடிக்கும் ஹொகுசெட்சு சாக்கேயைத்தான் கேட்பேன்.

இரண்டுமே பணத்தைக் கறக்கும் இடங்கள். தனியாகவோ இருவராகவோ போனால் நோபுவில் சுஷி மேடையோரம் உட்காருங்கள். கூட்டமாகப் போனால் ஸூமா, அதுவும் கரியடுப்புப் பக்கம். சட்டையில் புகை வாசம் கொஞ்சம் ஒட்டும், பரவாயில்லை.