'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ': முழுசா, வெட்டியதா?

இத்தாலியக் கொலைமர்மப் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால், நான் இயக்குநர் தாரியோ ஆர்ஜென்தோவின் 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' (1975) படத்தைத்தான் கைகாட்டுவேன். ஆங்கிலத்தில் 'டீப் ரெட்'. இந்த வகைப் படங்களை 'ஜால்லோ' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு மஞ்சள் என்று அர்த்தம். 1929 முதல் மொண்டதோரி பதிப்பகம் மஞ்சள் அட்டை போட்டு விற்ற துப்பறியும் நாவல்களிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சரி, படத்தைத் தேடினால் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். இத்தாலியில் ஓடியது சுமார் 126 நிமிடம். வெளிநாட்டுக்காக வெட்டியது சுமார் 105 நிமிடம். எதைப் பார்ப்பது?

கதை இரண்டிலும் ஒன்றுதான். மார்க் ஓர் ஆங்கிலேய பியானோக் கலைஞன். இரவில் சதுக்கத்தில் நிற்கும்போது, மேலே ஜன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடுகிறான். நீளமான தாழ்வாரம், இருபுறமும் ஓவியங்கள். போலீஸ் வந்த பிறகு அவனுக்கு ஒரு நெருடல்: முதலில் பார்த்த ஏதோ ஒன்று இப்போது அங்கே இல்லை. அது என்ன என்பதுதான் மொத்தப் படமும். டூரின் நகரத்துச் சதுக்கத்தின் வெறுமை, காப்ளின் குழுவின் இசை, பியானோ வாசிக்கும்போதே வீட்டுக்குள் யாரோ நுழைந்ததை மார்க் உணர்ந்து, வாசிப்பை நிறுத்தாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் காட்சி, இவையெல்லாம் இரண்டிலும் உண்டு.

வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி மார்க்கும் பத்திரிகையாளர் ஜான்னாவும் சேர்ந்து வரும் சிரிப்புக் காட்சிகள். டேவிட் ஹெம்மிங்ஸும் தாரியா நிக்கோலோதியும் நடித்தவை. கொலைகாரனைத் தேடும் படத்தில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். குட்டைப் பதிப்பின் பலமும் அதுதான்: ஒரு தடயத்திலிருந்து அடுத்ததற்கு விறுவிறுவென்று போய்விடும்.

ஆனால் ஜான்னாவுடைய குட்டி ஃபியட் காரைப் பாருங்கள். மார்க் உட்காரும் இருக்கை உள்வாங்கி, அவன் தலை அவள் தோளுக்குக் கீழே போய்விடும். பெண்கள் மென்மையானவர்கள் என்று அவன் பேச, வா பார்க்கலாம் என்று மேஜையில் கைமல்யுத்தம் போட்டு அவனைத் தோற்கடிப்பாள். இப்படிச் சிரித்து அவர்களோடு பழகிய பிறகுதான், பின்பாதியில் ஆபத்து நெருங்கும்போது வயிற்றைப் பிசைகிறது. குட்டைப் பதிப்பில் ஜான்னா வந்து போகும் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. சிரிக்கும்போது நம் கண்ணும் கொஞ்சம் அசந்துவிடும். பார்த்ததை மறந்துபோவதைப் பற்றிய படத்துக்கு அந்த அசதி தேவை. எனவே என் ஓட்டு 126 நிமிடத்துக்கே.

அப்புறம் மொழி. நீளப் பதிப்பை ஆங்கில ஒலியில் போட்டால், ஆங்கிலக் குரல் இல்லாத காட்சிகளில் திடீரென இத்தாலிய மொழிக்குத் தாவும். நடுவில் ஒருவர் குரலே மாறிவிடும். அன்றைய இத்தாலியப் படங்களில் குரலைப் பின்னால் சேர்ப்பதுதான் வழக்கம் என்பதால், ஆங்கிலம்தான் அசல் என்று நினைக்க வேண்டாம். ஹெம்மிங்ஸின் உதடு கொஞ்சம் ஒட்டாது, பரவாயில்லை. இத்தாலிய ஒலியும் சப்டைட்டிலும் போதும்.

இரண்டு மணி நேரம் முடியாதா? அப்போதும் குட்டைப் பதிப்பு வேண்டாம். ஆர்ஜென்தோவின் முதல் படம், 1970இல் வந்த 'தி பேர்ட் வித் தி கிறிஸ்டல் ப்ளூமேஜ்', ஒன்றரை மணி நேரத்துச் சொச்சம்தான். ரோமில் ஓர் ஓவியக்கூடம், இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, உள்ளே ஒரு பெண் தாக்கப்படுவதைப் பார்த்தும் உதவ முடியாமல் தவிக்கும் ஓர் எழுத்தாளன். என்னியோ மோரிக்கோனேயின் இசை. அதை முழுப் படமாகவே பார்க்கலாம்.

எதைப் பார்த்தாலும் விளக்கை அணைத்துவிடுங்கள். 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ' என்றால், மார்க் அந்தத் தாழ்வாரத்தில் ஓடும் நேரத்தில் போன் அடித்தாலும் எடுக்காதீர்கள்.