பெல்ட்டா, ஊசியா, ஆபரேஷனா: கை சும்மா இருக்கும் நாட்களின் கணக்கு

அம்மா குடியாத்தத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவர். சில வருஷங்களுக்கு முன்பு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வலது கையை உதற ஆரம்பித்தார். "கட்டெறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா" என்பார். உதறினால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடியும் வரும். ஓர் இடத்தில் காட்டினோம். கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று காலர் மாட்டி அனுப்பிவிட்டார்கள். ஐந்து மாதம் அதோடு முறத்தைப் பார்க்கக் குனிய முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

அப்புறம் வேலூரில் கை அறுவை மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "சுண்டு விரல் மரத்துப்போகுதாம்மா?" அம்மா யோசித்துவிட்டு இல்லை என்றார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி. அவ்வளவுதான்.

மணிக்கட்டில் எலும்புகள் தொட்டி மாதிரி வளைந்திருக்கும். அதன் மேல் ஒரு கெட்டியான நார்ப்பட்டை மூடி போல இழுத்துக் கட்டியிருக்கும். இந்தக் குறுகலான வழிக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு கட்டும் கயிறுகள்) ஒரே ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்புதான். அந்த நரம்பு சுண்டு விரலுக்குப் போவதில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி. அந்தக் குறுகலான வழிக்கு கார்ப்பல் டனல் என்று பெயர், நோயையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். (நம் ஊரில் ரத்தக்குழாய், தசைநாண், நரம்பு மூன்றையும் 'நரம்பு' என்றே சொல்லிவிடுகிறோம். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று சொன்னால் மருத்துவர் மூன்றில் எதுவென்று தேட வேண்டியிருக்கிறது.)

மருத்துவர் மூன்று வழிகள் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எத்தனை நாள் கை சும்மா இருக்கணும்?" பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சுற்றாத நாளுக்குக் காசு கிடையாது. வலி, செலவு, தழும்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். நானும் அந்த அளவுகோலை வைத்தே இந்த மூன்றையும் பார்க்கிறேன். அது எங்கே சரியாக அளக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதுதான் சங்கதி.

பெல்ட்டுக்கு ஒரு நாள் கூலியும் போகாது. மணிக்கட்டை வளையாமல் நேராக வைத்திருக்கும் பெல்ட்டை ராத்திரியில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும், அவ்வளவே. தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால்தான் நரம்பு இன்னும் நசுங்குகிறது. ஆறு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே கேட்கும். கர்ப்பிணிகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, ஏனென்றால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடும். ஆனால் இந்தப் பெல்ட் வைத்தியத்தை எழுதிவைத்தவர்கள் யாரும் மே மாதத்தில் வேலூர் மாவட்டத்தில் தூங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். வேர்வையில் பெல்ட் ஊறி, அரித்து, பாதி ராத்திரியில் அம்மா கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடுவார். காலையில் கேட்டால் "போட்டுத்தான் தூங்கினேன்" என்பார். பருத்தித் துணியை உள்ளே சுற்றி அதன் மேல் போட்டால் ஓரளவு தாங்கலாம் என்பதை நாங்கள் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம்.

ஊசிக்கு ஒன்றிரண்டு நாள் போகும். ஸ்டீராய்டு மருந்தை அந்தக் குறுகலான வழிக்குள் செலுத்துகிறார்கள். வீக்கம் வடிகிறது, சில நாட்களிலோ வாரங்களிலோ தூக்கம் வருகிறது. பலருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடியும் மரத்துப்போக ஆரம்பித்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த நோய்க்கு ஊசி ஒரு வாய்தா. வாய்தா என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. வைகாசி முதல் நாள் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வீடு நிறைய விருந்தாளிகள், அப்போது கையில் கட்டோடு நிற்க முடியாது என்று அம்மா ஊசியை வாங்கிக்கொண்டார். திருவிழா நன்றாக நடந்தது. இன்னொரு லாபமும் உண்டு: ஊசிக்கு நன்றாகக் கேட்ட கைக்கு ஆபரேஷனும் பெரும்பாலும் நன்றாகக் கேட்கிறது.

ஆபரேஷன் என்றால் அந்த மூடியை, அதாவது நார்ப்பட்டையை, வெட்டித் திறந்துவிடுவது. உள்ளங்கையில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். "ஏற்கெனவே மரத்துத்தானே கிடக்கு, அதுக்கு எதுக்கு ஊசி?" என்று அம்மா கேட்டதில் அங்கிருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். பதினைந்து இருபது நிமிஷ வேலை. அன்றைக்கே வீடு.

இதற்குள் இன்னொரு போட்டி இருக்கிறது. உள்ளங்கையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் திறந்து நேரே பார்த்து வெட்டுவது ஒன்று. சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு வெட்டுவது இன்னொன்று. கேமரா முறையில் தழும்பு சின்னது, உள்ளங்கை அவ்வளவு வலிக்காது, சராசரியாக ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம். திறந்து செய்வதில் நரம்பைக் கண்ணால் பார்த்தபடி வெட்டுகிறார்கள். கேமரா முறையில் நரம்புக்குத் தற்காலிகமாக ஏதாவது ஆகும் வாய்ப்பு சற்றே கூடுதல், செலவும் பொதுவாகக் கூடுதல். ஒரு வருஷம் கழித்து இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த ஒரு வாரக் கூலிக்காகக் கூடுதலாகச் செலவு செய்வது எங்களுக்குக் கணக்கில் இடிக்கவே, திறந்து செய்யும் முறையையே எடுத்துக்கொண்டோம். தினம் நூறு பேரிடம் கை குலுக்கும் வேலையில் இருப்பவர் வேறு முடிவு எடுக்கலாம்.

விரல்களை அன்றைக்கே மடக்கி நீட்டச் சொன்னார்கள். பத்துப் பதினான்கு நாளில் தையல் பிரித்தார்கள். மூன்றாவது வாரம் அம்மா காய் நறுக்கினார். முறத்தை மடியில் எடுத்தது ஆறு வாரம் கழித்து. உள்ளங்கையின் அடிப்பக்கம், தரையில் ஊன்றி எழும் இடம், மூன்று மாதம் வரை வலித்தது. இது பலருக்கும் வருவதுதான், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம். கையை உதறாமல் விடியும்வரை தூங்கியது மட்டும் முதல் வாரத்திலேயே.

இப்போது அளவுகோல் ஏமாற்றும் இடம். ஆறு வாரத்தைக் கணக்குப் பார்த்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் கட்டை விரலின் அடியில் இருக்கும் சதைமேடு வற்ற ஆரம்பிக்கும். பொத்தான் போட முடியாது, கையில் பிடித்த டம்ளர் நழுவும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு மூடியைத் திறந்தாலும் நசுங்கிய நரம்பு முழுசாக மீள்வது நிச்சயமில்லை. அப்போது போவது ஆறு வாரக் கூலி அல்ல. இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் வைத்து அந்த மேட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் பெல்ட், ஊசி என்று இழுக்காமல் நரம்புச் சோதனை செய்துகொண்டு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் சித்தியின் கதை இதற்குத் தலைகீழ். அவருக்கு மோதிர விரல் மடங்கினால் நிமிராது, இன்னொரு கையால் இழுத்தால் 'டக்' என்று நிமிரும். ட்ரிக்கர் ஃபிங்கர். விரலின் அடியில் தசைநாண் நுழைந்து போகும் வளையம் இறுகிவிட்டது. இங்கே நசுங்குவதற்கு நரம்பு இல்லை, அதனால் அவசரமும் இல்லை. ஊசியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் அதிலேயே குணமாகிவிடுகிறது. சித்திக்குச் சர்க்கரை இருப்பதால் வாய்ப்பு குறைவு என்று முன்னமே சொன்னார்கள். அப்படியே ஆனது: இரண்டு ஊசி, ஏழெட்டு மாதம், மறுபடியும் 'டக்'. கடைசியில் வளையத்தை வெட்டினார்கள். ஊசி முனையால் தோலுக்கு மேலிருந்தே வெட்டும் முறையும் உண்டு, தையலே கிடையாது. ஆனால் கட்டை விரலில் நரம்பு தோலுக்கு மிகப் பக்கத்தில் ஓடுவதால் அங்கே திறந்து செய்வதையே நான் கேட்பேன். மேஜையில் படுத்திருக்கும்போதே "மடக்கும்மா, நீட்டும்மா" என்றார்களாம். சித்தி மடக்கி நீட்டிக் காட்டிவிட்டுத்தான் தையல்.

கைக்குழந்தையை அக்குளுக்கடியில் பிடித்துத் தூக்கித் தூக்கிக் கட்டை விரல் பக்க மணிக்கட்டில் வலி வந்த தங்கைக்கு ஒரே ஊசி போதுமாயிருந்தது. அதோடு குழந்தையை அடியில் கை கொடுத்து அள்ளித் தூக்கப் பழகிக்கொண்டாள். மணிக்கட்டின் மேல் புடைக்கும் நீர்க்கட்டிக்கு, வலி இல்லையென்றால் என் ஓட்டு சும்மா விடுவதற்கே. ஏறக்குறைய பாதிக் கட்டிகள் தாமாகவே போய்விடுகின்றன. ஊசியால் உறிஞ்சினால் பாதிக்கு மேல் திரும்புகின்றன. வெட்டி எடுத்தாலும் சில திரும்புகின்றன.

எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் புத்தூர். எலும்பு முறிவுக்கு அங்கே கட்டுப் போடப் போகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அம்மாவையும் கூப்பிட்டார்கள். முறியாத கைக்கு, உள்ளே ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் நரம்புக்கு, வெளியே இன்னொரு இறுக்கமான கட்டு எதற்கு?

ஒரு விஷயத்தை வேலூர்க்காரர்கள் மறக்கக்கூடாது. சுண்டு விரல் மரத்து, தோலில் உணர்ச்சியில்லாத வெளிர் படையும் இருந்தால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு மாத்திரைகள் இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ. மாத்திரை கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தாது. அதை நிமிர்த்தும் வேலை இந்த ஊரில்தான் நடந்தது. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, நன்றாக வேலை செய்யும் தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டினார். கட்டியதோடு முடிவதில்லை. பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்யும்படி அந்தத் தசைக்கு வாரக்கணக்கில் பயிற்சி தர வேண்டும். கத்தி பாதி, பயிற்சி பாதி.

இப்போது அம்மாவின் இடது கை ஆரம்பித்திருக்கிறது. சோதனையில் லேசானது என்று வந்தது. இந்தத் தடவை பெல்ட்டைக் கழற்றுவதில்லை. கட்டிலை நேராக ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டிருக்கிறார். ஆறு வாரத்தில் நாலு ஆகிவிட்டது. கேட்காவிட்டால் எப்போது ஆபரேஷன் என்று கேட்டேன். "சிரசு எந்தக் கிழமை வருதுன்னு பாரு" என்றார்.