49 ரூபாய் சந்தாவும் ஒரு ராத்திரிக் கூத்தும்

"கூத்து லைவ் ஆப்புக்கு மாசம் 49 ரூபாய் வெச்சா சர்வர் செலவு வந்துடாதாண்ணா?" என்று பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வராது தம்பி. கூத்தை லைவாக அனுப்ப நான் இரண்டு சீசன் பயன்படுத்திய ஸ்ட்ரீமிங் சேவையை வைத்தே சொல்கிறேன்.

லைவ் அறுந்ததே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பாரதக் கூத்து ராத்திரி ஆரம்பித்தால் விடியத்தான் முடியும். பென்னாகரம் பக்கம் சிக்னல் ஏறி இறங்கினாலும் பெங்களூருக்கு வேலைக்குப் போன நம்ம ஊர்க்காரர் போனில் படம் நிற்காது. 20 நொடி பின்தங்கி வரும். கூத்துக்கு அது போதும்.

எரிச்சல் ஜிபி கணக்கில்தான், அதாவது பார்ப்பவர்களுக்குப் போகும் டேட்டாவுக்கு ஜிபிக்கு இவ்வளவு என்று வரும் பில்லில். 720பி தர வீடியோ 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 1.5 மெகாபிட்) என்றால் மணிக்கு 675 எம்பி. 8 மணி நேரத்துக்கு 5.4 ஜிபி. ஜிபிக்கு 7 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ஆள், ஒரு ராத்திரி, 37.80 ரூபாய். இந்தப் பக்கம் வரவைப் பாருங்கள்: 49-க்குள்ளேயே அடங்கிய 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 41.53. ஆப் ஸ்டோர் 15 சதவீதம் எடுத்தால் கையில் 35.30. மாதச் சந்தா முழுவதும் அர்ச்சுனன் தபசு ஒன்றிலேயே கரைந்துவிடும்.

அதிலும் பாதிப் பேர் இரண்டு மணிக்கே தூங்கிவிடுவார்கள், போன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை "பார்க்கிறீர்களா?" என்று கேட்டு, பதில் வராவிட்டால் ஆடியோவுக்கு மாற்றுங்கள். 48 கேபிபிஎஸ் ஆடியோ ராத்திரி முழுக்க ஓடினாலும் 173 எம்பிதான். செலவு ஒண்ணேகால் ரூபாய்கூட ஆகாது. ஹார்மோனியமும் மிருதங்கமும் இவ்வளவு சுத்தமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கண் மூடிக் கேட்கும் பெரியவர்களுக்கு இதுவே போதும்.

வீடியோவை 480பி, 700 கேபிபிஎஸ்ஸில் நிறுத்துங்கள். ராத்திரிக்கு 17.64 ரூபாய். 99 ரூபாய்ச் சந்தாவில் கைக்கு வரும் 71.31-இல் நாலு ராத்திரி தாங்கும். அதற்குமேல் பார்ப்பவர்களுக்கு ராத்திரி டிக்கெட் தனியாக வையுங்கள். லைவ் வீடியோ சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும்; அந்தத் துண்டு நீளம் 6 நொடியே இருக்கட்டும். 2 நொடியாக்கினால் ராத்திரிக்கு 4,800 துண்டு 14,400 ஆகும்; ஒவ்வொரு துண்டையும் போன் கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட் கணக்கில் காசு வாங்கும் இடத்தில் அதுவும் பில்லில் ஏறும். சந்தா சேர்வது பங்குனியிலிருந்து ஆடி வரைதான், சர்வர் வாடகையோ 12 மாதமும் உண்டு. அதையும் அந்தச் சில மாத வரவிலேயே எடுக்க வேண்டும். "499-க்கு ஆயுள் சந்தா" மட்டும் வைத்துவிடாதீர்கள். காசு ஒருமுறை வரும், பில் மாதாமாதம் வரும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ஒன்று தீரவில்லை. இந்தச் சேவையின் டேஷ்போர்டில் நேற்றைய ஜிபி இன்று மதியம்தான் தெரிகிறது. ராத்திரி எகிறினால் ராத்திரியே தெரிய வேண்டாமா? இரண்டு வருடமாகக் கேட்டும் மாற்றவில்லை. தரத்தில் குறையே இல்லை. ஆனாலும் அடுத்த பங்குனிக்கு வேறு இடம்தான் பார்க்கிறேன்.