கடனில் மூழ்கிய வீட்டை விற்க உதவிய வக்கீல்

பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டின் மேல் நின்ற கடன், வீட்டை விற்றாலும் அடையாத அளவுக்கு ஏறிவிட்டது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) அறிவிப்பும் வந்துவிட்டது. கடனைக் கட்ட 60 நாள் கெடு. ஏலம் போவதற்குள் நாங்களே ஆள் பார்த்து விற்று, வங்கி சம்மதிக்கும் தொகையைக் கட்டிக் கணக்கை முடிக்க நினைத்தோம்.

முதலில் பார்த்த வக்கீல், மதுரையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் உடனே வழக்குப் போடலாம் என்று முன்பணம் கேட்டார். பாளையங்கோட்டையில் இரண்டாவதாகப் பார்த்தவர்தான், வங்கி சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கையில் இறங்கிய பிறகே அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும் என்று விளக்கினார். வழக்குக்குப் பதில் வங்கிக்கு ஒரு மனு எழுதினார். அதற்கு 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும்.

சமரசத்துக்கு இசைந்து வங்கி அனுப்பிய கடிதத்தைப் பார்த்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. அவரோ பென்சிலை எடுத்து வரி வரியாகப் படித்தார். "மிச்சத் தொகையைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்று இதில் எங்கே அம்மா இருக்கிறது? ஜாமீன்தாரரை விடுவிக்கும் வரி எங்கே?" என்றார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் என் அக்காவின் கணவர். மிச்சத்தைக் கேட்டு நாளை அத்தான் வாசலில் வங்கிக்காரர்கள் போய் நின்றால், நான் எந்த முகத்தோடு அக்கா வீட்டுப் படி ஏறுவேன்? அந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வேறு கடிதம் வரும்வரை, வாங்குபவரிடம் முன்பணம் வாங்கவே அவர் விடவில்லை. அவருக்குக் கொடுத்த கட்டணம் அதற்கே தகும்.

பத்திரப் பதிவன்று வாங்குபவரின் வரைவோலை நேராக வங்கிக்குப் போனது. அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணமும் கிரயப் பத்திரமும் ஒரே நாளில் பதிவாயின. கடன் தர அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' (முழுதும் கட்டாமல் சமரசத்தில் முடித்தது) என்றுதான் வரும், இனிக் கடன் கிடைப்பது சிரமம் என்பதையும் அவர் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

குறை உண்டு. பகலில் போனை எடுக்கவே மாட்டார். அலுவலகம் இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லாததால் என் மாமனார் மிகவும் சிரமப்பட்டார்.

வக்கீல்கள் விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது என்பதால் பெயர் எழுத வேண்டாம் என்றார். நீங்கள் யாரிடம் போனாலும், வங்கியின் சம்மதக் கடிதத்தில் என்னென்ன வாசகம் இருக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். தள்ளுபடியையும் ஜாமீன்தாரரையும் அவராகவே சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.