ஆழ்வார்பேட்டை போர்ட்ரெய்ட் கண்காட்சி: மூஞ்ச விட்டுட்டு துணிய பாக்கறவங்களுக்கு

மொதல்லயே சொல்லிடறேன், ஒரிஜினல் பெயிண்டிங் ஒண்ணுகூட கெடையாது. மறுமலர்ச்சி காலத்து போர்ட்ரெய்ட் எல்லாம் அதே சைஸ்ல கேன்வாஸ்ல பிரிண்ட் போட்டு ஆழ்வார்பேட்டைல ஒரு ஹால்ல மாட்டியிருக்காங்க, டிக்கெட் 150 ரூபா. பிரிண்ட்டுக்கா காசுன்னு வீட்ல கேட்டாரு, நியாயம்தான், ஆனா புளோரன்ஸுக்கு இவரா டிக்கெட் எடுத்து தரப்போறாரு. நானும் மாமியாரும் கெளம்பிட்டோம், ரெண்டு பேருக்குமே பின்னல் பைத்தியம், இந்த வெயில்ல யாருக்கு ஸ்வெட்டர்னு கேக்காத சொந்தக்காரங்களே இல்ல எங்களுக்கு.

வாசல்ல செக்யூரிட்டி அண்ணா பைய தொறக்க சொல்லி என் ஸ்டீல் ஊசிய பாத்து மெரண்டு டோக்கன் குடுத்து வாங்கி வெச்சுக்கிட்டாரு. அத்தையோட குரோஷா ஊசிய மட்டும் விட்டுட்டாரு, அது என்ன கணக்கோ.

நான் நேரா எலியோனோராகிட்ட போயிட்டேன். புளோரன்ஸ ஆண்ட மெடிசி குடும்பத்து கோசிமோவோட பொண்டாட்டி, 1545 வாக்குல ப்ரோன்சீனோ வரைஞ்சது, பக்கத்துல சின்ன பையன் நிக்கறான். அந்த கவுன் இருக்கே, வெள்ள துணில கருப்பு வெல்வெட் கொடி சுத்தி சுத்தி ஓடுது, நெஞ்சு நடுவுல தங்கத்துல ஒரு மாதுளம்பழம், கிட்ட போய் பாத்தா தங்க இழைய சின்ன சின்ன சுருளா மேல எழுப்பி விட்டிருக்கறதகூட ஒவ்வொண்ணா வரைஞ்சிருக்காரு மனுஷன். அத்தை கண்ணாடிய எறக்கி விட்டுட்டு "இது நெசவுலயே வந்ததா, மேல தச்சதாம்மா"ன்னு கேட்டாங்க. நெசவுதான் அத்தைன்னேன். "அப்ப தறி ஓட்டினவன் பேர எங்கயாவது போட்டிருக்கானா பாரு"ன்னாங்க. போடல.

லேபிள்ல என்ன போட்டிருக்குன்னா இதே கவுன்லதான் அவங்கள பொதச்சாங்களாம். அது ரொம்ப நாளா சுத்தற கத, கல்லறைல கெடச்ச கவுன் வேற. பின்றவங்க யாரா இருந்தாலும் எலியோனோரா பேர கேட்டதும் கேக்கறது ஸ்டாக்கிங்ஸ பத்தித்தான், அவங்க 1562ல எறந்தப்போ கால்ல போட்டிருந்த ஸ்டாக்கிங்ஸ் கெடச்சிருக்கு, செவப்பு பட்டு நூல்ல கையால பின்னினது, வெறும் நிட், அதாவது நேர் தையல் மட்டும் இல்ல, பர்ல்னு சொல்ற மறுபக்க தையலும் போட்டு டிசைன் எடுத்திருக்காங்க. பர்ல் தையலுக்கு கெடச்ச ரொம்ப பழைய ஆதாரத்துல ஒண்ணா இததான் நிட்டிங் வரலாறு எழுதறவங்க காட்டுவாங்க. லேபிள்ல இத பத்தி ஒரு வார்த்த இல்ல! கவுன் கத தப்பு, ஸ்டாக்கிங்ஸ் கத காணோம், போதாக்குறைக்கு எல்லா லேபிளும் இங்கிலீஷ்ல மட்டும்தான், அத்தைக்கு நான்தான் படிச்சு சொன்னேன், அதுல என் கடுப்பும் சேந்துதான் போயிருக்கும்.

மோனாலிசா முன்னாடி செல்ஃபி கூட்டம். பிரிண்ட்ல பாதி கருத்துப் போயிருக்கு, கழுத்தோரத்துல முடிச்சு முடிச்சா லியோனார்டோ போட்ட எம்ப்ராய்டரிதான் எனக்கு வேணும், அங்க வெறும் பழுப்பு கலர் மங்கல். இதுக்கு வீட்ல போன்லயே ஜூம் பண்ணி பாக்கலாம்.

இங்கிலாந்து அரசவைக்கு படம் வரைஞ்ச ஹோல்பைனோட செவுரு பரவால்ல. ரெண்டு தூதர்கள் நிக்கற பெரிய படத்துல எல்லாரும் சாஞ்சு நின்னு, சைடுல பாத்தாத்தான் தெரியற மாதிரி கீழ இழுத்து வரைஞ்ச மண்டையோட்ட தேடறாங்க, நாங்க மேஜை மேல விரிச்சிருக்கற துருக்கி கார்பெட்ட பாத்தோம். பக்கத்துல எட்டாம் ஹென்றி ராஜாவோட மந்திரி தாமஸ் குரோம்வெல் கருப்பு தொப்பியோட சிடுசிடுன்னு ஒக்காந்திருக்காரு. அந்த தொப்பி பின்னினதான்னு படத்த பாத்து சொல்லவே முடியாது, ஏன்னா அந்த கால கம்பளி தொப்பிய பெருசா பின்னி, நனைச்சு அடிச்சு சுருக்கி, மேல ரோமத்த வெட்டி விட்டுட்டா தையலே கண்ணுக்கு தெரியாது. அப்புறம் 1571ல எலிசபெத் ராணி காலத்துல ஞாயித்துக்கிழமையும் பண்டிக நாள்லயும் ஆறு வயசுக்கு மேல எல்லாரும் கம்பளி தொப்பி போட்டே ஆகணும்னு சட்டமே கொண்டுவந்தாங்க, பெரிய எடத்து ஆளுங்க மாதிரி சிலருக்கு விலக்கு, போடலன்னா அபராதம், நம்ம ஊர் ஹெல்மெட் கேஸ் மாதிரி. தொப்பி பின்றவங்க பொழப்ப காப்பாத்தத்தான் அது. 1597ல எடுத்துட்டாங்க. அத்தைக்கு அந்த சட்டம் ரொம்ப புடிச்சுப் போச்சு.

ஆனா எனக்கு டிக்கெட் காசு வசூலானது மொரோனி வரைஞ்ச தையல்காரர்கிட்டதான். 1560கள் கடைசி வாக்குல வரைஞ்சது. ராஜா ராணி பிரபுன்னு வரிசையா பாத்துட்டு வந்தா திடீர்னு ஒரு டெய்லர், வெள்ள சட்ட, செவப்பு கால்சட்ட, மேஜைல கருப்பு துணி, அதுல சாக்பீஸ் கோடு, கைல கத்திரி, தலைய தூக்கி நம்மள பாக்கறாரு, என்ன அளவு சொல்லுங்கற மாதிரி. அத்தை "கத்திரிய பிடிச்சிருக்கற கைய பாரு, இவன் நெஜமாவே தைக்கறவன்"னு சொல்லிட்டு அங்கேயே நின்னுட்டாங்க. பிரிண்ட்டும் இது ஒண்ணுதான் சுத்தமா வந்திருக்கு, சட்டைல சின்ன சின்னதா வெட்டுன டிசைன்கூட தெரியுது.

கொறன்னு பாத்தா லைட்டிங். நேரா அடிக்கறதால சைடுல நின்னாத்தான் பாதி படம் தெரியும். ஒக்கார ரெண்டே பெஞ்சு, வயசானவங்களோட போறவங்க பாத்துக்கோங்க. ஏசி மட்டும் செம, ஸ்வெட்டர் போட ஒரு எடம் கெடச்சுதேன்னு அத்தைக்கு ஒரே சந்தோஷம்.

கடைல மோனாலிசா மக், மோனாலிசா பை, மோனாலிசா மேக்னெட். தையல்காரர் போஸ்ட்கார்ட் கேட்டா "யாரு மேடம் அது"ங்கறாங்க. அங்க எதுவும் வாங்காதீங்க. மெட்ரோ வேலைல ரோடு திருப்பி விட்டிருக்காங்க, கார் எடுத்துட்டு போகாம ஆட்டோல போங்க, வார நாள் காலைல போனா கூட்டம் இல்ல. ஸ்டீல் ஊசிய வீட்லயே வெச்சுட்டு மூங்கில் ஊசி கொண்டுபோய் பாருங்க, விட்டாங்கன்னா எனக்கும் சொல்லுங்க.