ஜாங்கோ செஷன்: இரண்டு சீசன் பாவனைக்குப் பிறகு

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கான அறைப் பதிவுத் தளம். திகதி, அறை, உறுதிப்படுத்தல் என்று மூன்று வியூ, அதாவது பக்கக் கோரிக்கைக்குப் பதில் தரும் நிரல்துண்டுகள். ஒன்றில் தெரிவு செய்ததை அடுத்ததற்குக் கொண்டு போவது ஜாங்கோ செஷன்தான்: ஜாங்கோ என்பது பைதனில் இணையத் தளம் கட்டும் கட்டமைப்பு, செஷன் என்பது ஒவ்வொரு வருகையாளரின் தகவலையும் பக்கத்துக்குப் பக்கம் அது நினைவில் வைக்கும் இடம். இரண்டு சீசன் ஓடியபின் சொல்லலாம்: நம்பலாம், ஆனால் எப்போது சேமிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதிக நேரம் தின்றது இது. செஷனில் 'பதிவு' என்றொரு டிக்சனரி (சாவி-மதிப்புச் சோடிகளின் தொகுப்பு); அதற்குள் இருக்கும் அறை எண்ணை மட்டும் மாற்றினால் சேமிக்கப்படாது. மேல்மட்டச் சாவியில் மதிப்பு வைத்தால்தான் செஷன் மாறியதாக ஜாங்கோ எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வியூவில் அறை காணாமல் போயிருக்கும். அதே ரிக்வெஸ்டில் (உலாவியிலிருந்து வரும் கோரிக்கையில்) வேறொரு மேல்மட்டச் சாவி மாறியிருந்தாலோ முழுச் செஷனும் சேமிக்கப்பட்டு, உள்மாற்றமும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் பிழை ஒளிந்து கிடக்கிறது. சம்பந்தமில்லாத வரி ஒன்றை நீக்கிய அன்றுதான் வெளியே வரும். மாற்றிய டிக்சனரியை மறுபடி அதே சாவியில் வைத்துவிடுங்கள். செஷன் மாறியது என்று காட்டும் 'மொடிஃபைட்' கொடியை ட்ரூ ஆக்கினாலும் சரி, ஆனால் அந்த வரியை மறப்பது சுலபம்.

திகதிப் பொருளை அப்படியே வைத்தால், செஷனை எழுத்தாக்கிச் சேமிக்கும் வடிவமான ஜேசன் ஏற்காது. பிழை உடனே தெரியும், பாதகமில்லை. அறை எண் 3ஐச் சாவியாக வைப்பதுதான் ஆபத்து: அடுத்த வியூவில் அது எண்ணாக வராது, '3' என்ற எழுத்துச் சரமாக வரும்.

விருந்தினர் உலாவியின் ஒரு டேப்பில் உப்புவெளி அறையையும் இன்னொன்றில் நிலாவெளி அறையையும் திறந்து வைத்து ஒப்பிடுவார்கள். செஷனை அடையாளம் காட்ட உலாவி வைத்திருக்கும் குக்கீ ஒன்று, செஷனும் ஒன்று. பிந்தியது முந்தியதை மூடிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளக் குறி உருவாக்கி, அதை முகவரியிலும் செஷன் சாவியிலும் வைத்தால் இரண்டும் கலக்காது. அறை காலியா என்பதைச் செஷனில் வைக்கவே கூடாது. உறுதிப்படுத்தும் வியூ அதைத் தரவுத்தளத்தில் மறுபடி பார்க்கட்டும்.

செஷன் ஆயுள் இயல்பாக 1209600 செக்கன், அதாவது இரண்டு கிழமை. அது கடைசி வருகையிலிருந்து அல்ல, கடைசி மாற்றத்திலிருந்து எண்ணப்படும். வரவேற்பு மேசையில் பலர் பாவிக்கும் கணினிக்கு 1800 செக்கன் வைத்தோம். வேலை நடுவே வெளியே தள்ளியது. பக்கங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் எதுவும் மாறாவிட்டால் நேரம் நீளாது. ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் சேமிக்கும் அமைப்பைப் போட்டதும் சரியானது.

காலாவதியான செஷன்களின் வரிகள் தரவுத்தளத்தில் தானாக அழியாது. 'கிளியர்செஷன்ஸ்' கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரொனில் தினமும் ஓட விடுங்கள்.